இலவச வகுப்புக்கும் கல்லூரிக்கும் நடுவில்

வாஷிங்டன் என்றதும் வெள்ளை மாளிகை இருக்கும் ஊர்தான் நமக்கு நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது அமெரிக்காவின் மறுகோடியில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தைப் பற்றி; சியாட்டில் நகரம் இருக்கும் மாநிலம். அங்குள்ள சமூகக் கல்லூரிகளில் 1990களின் பிற்பாதியில் வந்து சேர்ந்த சுமார் 35 ஆயிரம் பேரை ஐந்து வருடம் பின்தொடர்ந்து, டேவிட் பிரின்ஸ், டேவிஸ் ஜென்கின்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். எல்லாரும் 25 வயதை எட்டியவர்கள். பள்ளிப் படிப்புக்கு மேல் போகாதவர்கள். அவர்களில், வேறு நாடுகளிலிருந்து குடியேறி ஆங்கிலம் கற்க வந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், ஐந்து வருடத்தில் கல்லூரிப் பாடம் ஒன்றிலாவது தேறி ‘கிரெடிட்’ வாங்கியவர்கள் 100க்கு 13 பேர். ஒரு வருடப் படிப்புக்கு ஈடான 45 கிரெடிட்டையோ, ஒரு சான்றிதழையோ பட்டத்தையோ எட்டியவர்கள் 100க்கு நாலிலிருந்து ஆறு பேர்.

சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜின் கணக்கு இதைவிட மோசம். அங்கே இலவச ஆங்கில வகுப்புகளில் சேர்ந்த சுமார் 38 ஆயிரம் பேரை ஸ்டீவன் ஸ்பர்லிங்கும் அவரோடு இருந்தவர்களும் ஏழு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி கிரெடிட் படிப்புக்கு மாறியவர்கள் 100க்கு 8 பேர். இலவச வகுப்பை நடத்துவதும் கிரெடிட் படிப்பை நடத்துவதும் ஒரே கல்லூரிதான், ஒரே பெயர்ப்பலகைதான்.

இந்த எண்களை வைத்து உடனே ஒப்பாரி வைத்துவிடக் கூடாது. ஆங்கில வகுப்புக்கு வரும் எல்லாருக்கும் கல்லூரி ஆசை இல்லை. பேரன் பேத்தியோடு பேச வருபவர் உண்டு. டாக்டரிடம் மொழிபெயர்க்கப் பத்து வயது மகனைக் கூட்டிப்போக வெட்கப்பட்டு வருபவர் உண்டு. குடியுரிமைத் தேர்வு முடிந்ததும் நிறுத்திவிடுபவரும் உண்டு. அவர்கள் வந்த வேலை முடிந்தது, போய்விட்டார்கள். அதைத் தோல்விக் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஆனால் இரண்டு ஷிஃப்ட் வேலை பார்த்துவிட்டு, இரவு ஒன்பது மணி வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வினைச்சொல்லின் இறந்தகாலத்தை எழுதிப் பழகுகிறவர்களில் 100க்கு 90 பேருக்கு மேற்படிப்பு ஆசையே இல்லை என்று சொன்னால் அதையும் நம்ப முடியாது. அவர்களில் பெரும்பகுதி வழியில் எங்கோ கழன்றுபோகிறது. அது எந்த இடம்?

பலரும் சட்டென்று சொல்லும் பதில், அவர்களுக்கு ஆங்கிலம் போதவில்லை என்பது. பாதி உண்மை. எந்த ஆங்கிலம் என்று கேட்டால்தான் மீதி தெரியும். தமிழ் வாசகருக்கு இதை விளக்குவது எளிது. மும்பையின் தாராவியில் பிறந்து, வீட்டிலும் கடையிலும் தமிழ் பேசி வளர்ந்து, இந்தியிலோ மராத்தியிலோ படித்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் தமிழில் சண்டை போடுவார், பேரம் பேசுவார், துக்க வீட்டில் ஆறுதல் சொல்வார். ஒரு நாளிதழின் தலையங்கத்தை அவர் கையில் கொடுத்தால் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிடுவார். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையே இருக்கும் அந்த மதில், ஆங்கிலத்திலும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் நம்முடையதைப் போல உயரமாகத் தெரியாது, அவ்வளவுதான். கனடாவின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் இந்த இரண்டையும் பெயரிட்டுப் பிரித்தார். குடியேறியவர்களின் குழந்தைகள் பேச்சு ஆங்கிலத்தை இரண்டு வருடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள், பாட ஆங்கிலத்தில் மற்றப் பிள்ளைகளை எட்ட ஐந்திலிருந்து ஏழு வருடம் ஆகிறது என்பது அவர் காட்டியது. அவர் பேசியது பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி. நாள் முழுவதும் பள்ளியில் உட்காரும் பிள்ளைக்கே அவ்வளவு காலம் என்றால், வாரத்துக்கு ஆறேழு மணி நேரம் வகுப்புக்கு வரும் நாற்பது வயதுக்காரருக்கு எவ்வளவு?

அந்தப் பாட ஆங்கிலத்தை எண்ணி அளந்தவர் ஏவெரில் காக்ஸ்ஹெட். நியூசிலாந்தில் வெலிங்டனில் உள்ள விக்டோரியா பல்கலைக்கழகத்தில் 28 துறைகளின் நூல்கள், கட்டுரைகளிலிருந்து சுமார் 35 லட்சம் சொற்களைத் திரட்டினார். எல்லாருக்கும் தெரிந்த இரண்டாயிரம் அடிப்படைச் சொற்களைக் கழித்துவிட்டு, எல்லாத் துறைகளிலும் திரும்பத் திரும்ப வருபவை எவை என்று பார்த்தார். 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் இருந்தன. கல்லூரிப் பாடநூலில் பத்துச் சொல்லுக்கு ஒன்று இந்தப் பட்டியலைச் சேர்ந்தது. கதைப் புத்தகத்தில் அதே சொற்கள் 100க்கு ஒன்றரைகூட வருவதில்லை. ஒரு பக்கத்தில் 300 சொல் இருந்தால் 30 இடத்தில் கால் தடுக்கும் என்று அர்த்தம். தடுக்குவது துறைசார்ந்த கலைச்சொல்லிலா என்றால், இல்லை. கலைச்சொல்லை எந்த ஆசிரியரும் நிறுத்தி விளக்கிவிடுவார். ‘அஸ்யூம்’, ‘டெரைவ்’, ‘வேர்ஆஸ்’, ‘ஹென்ஸ்’ போன்றவற்றை யாரும் விளக்குவதில்லை. இவையெல்லாம் தெரிந்தவர்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பது ஆசிரியரின் நினைப்பு.

நான் தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்குப் போனவன். முதல் மாதம் இயற்பியல் வகுப்பில் ‘ஆக்சலரேஷன்’ எனக்குச் சிக்கலாக இல்லை. அது முடுக்கம்; ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். ‘லெட் அஸ் அஸ்யூம்’ என்று பேராசிரியர் ஒவ்வொரு முறையும் ஆரம்பிப்பதுதான் புரியவில்லை. நம் கணக்குப் புத்தகத்தில் பத்து வருடம் படித்த ‘எனக் கொள்க’தான் அது என்று தெரியத் தீபாவளி விடுமுறை வரை ஆனது. பாடம் தெரிந்திருந்தது, பாடத்தைக் கட்டிவைத்த கயிறு தெரியவில்லை. எனக்குப் பதினேழு வயது, பக்கத்தில் என்னைப் போலவே முப்பது பேர். வயது முப்பத்தெட்டாகி, வகுப்பில் தனி ஆளாக உட்கார்ந்திருந்தால் தீபாவளி வரை பொறுத்திருப்பேனா என்று தெரியவில்லை.

இதில் எல்லா மொழிக்காரருக்கும் ஒரே பாரம் இல்லை. காக்ஸ்ஹெட் பட்டியலின் பெரும்பகுதி லத்தீன், கிரேக்க வேர்ச்சொற்கள். மெக்சிகோவிலிருந்து வந்தவருக்கு ‘அனலைஸ்’, ‘டெரைவ்’ எல்லாம் அவர் ஸ்பானிஷில் ஏற்கெனவே இருக்கின்றன, உச்சரிப்புதான் வேறு. தெருவில் பேசும் ஆங்கிலத்தைவிடப் பாடநூல் ஆங்கிலம் அவருக்கு நெருக்கமாக இருக்கும் இடங்கள்கூட உண்டு. ஆனால் அதை யாராவது சுட்டிக்காட்ட வேண்டும், அதற்கு முன் அவர் ஸ்பானிஷில் கொஞ்சம் படித்திருக்கவும் வேண்டும். வியட்நாமியருக்கும் சீனருக்கும் தமிழருக்கும் அந்த வசதி கிடையாது. ‘வயது வந்த ஆங்கிலம் கற்போர்’ என்று ஒரே பெட்டியில் போடப்படுபவர்களில், சொந்த ஊரில் பொறியியல் பட்டம் வாங்கியவரும் இருக்கிறார், ஐந்தாம் வகுப்போடு வயலுக்குப் போனவரும் இருக்கிறார். முன்னவருக்குத் தேவை பட்டத்தை மதிப்பிட்டுச் சொல்லும் ஒரு நிறுவனமும் ஆறு மாதத் தீவிரப் பயிற்சியும். பின்னவருக்கு எழுத்தே புதிது. இருவரும் இப்போது அடுத்தடுத்த பெஞ்சில் உட்கார்ந்து ‘வாட் டைம் இஸ் இட்’ சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இலவச வகுப்பில் என்னதான் நடக்கிறது? சம்பளச் சீட்டைப் படிப்பது, பேருந்து நேர அட்டவணை, மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டு, வீட்டுக்காரருக்குக் குழாய் ஒழுகுகிறது என்று ஒரு கடிதம். அமெரிக்காவில் வயது வந்தோர் கல்விக்கு மத்திய அரசு தரும் பணம் இப்போது 2014ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. வகுப்பை விட்டுப்போனவர் ஆறு மாதம் கழித்து வேலையில் இருக்கிறாரா, ஒரு வருடம் கழித்தும் இருக்கிறாரா, எவ்வளவு சம்பளம் என்பவை அதன் முக்கிய அளவுகோல்களில் அடக்கம். சட்டம் மேற்படிப்பைத் தடுக்கவில்லை, சான்றிதழையும் கணக்கில் சேர்க்கிறது. ஆனால் எதை அளக்கிறார்களோ அதைத்தான் வகுப்பு சொல்லித்தரும். சம்பளச் சீட்டு தவறான பாடம் என்று நான் சொல்ல மாட்டேன். பிடித்தம் போக எவ்வளவு கைக்கு வரும் என்று தெரியாமல் ஏமாந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். சம்பளச் சீட்டில் வாக்கியமே கிடையாது என்பதுதான் என் குறை. மருந்துச் சீட்டிலும் முழு வாக்கியம் அபூர்வம். பெயர், எண், தேதி, கட்டம். இப்படி மூன்று வருடம் படித்துத் தேறியவர், கல்லூரி வகுப்பின் முதல் வாரத்தில் ‘அன்லெஸ் அதர்வைஸ் இண்டிகேட்டட்’ என்று ஆரம்பிக்கும் ஒரு செய்முறைக் குறிப்பின் முன் நிற்கிறார். மூன்றே சொல். வேறுவிதமாகக் குறிப்பிடப்பட்டிருந்தாலொழிய. அதைத் தவறாகப் புரிந்துகொண்டால் அடுத்து வரும் அத்தனை விதியும் தலைகீழாகும்.

சொல்லுக்கு வெளியேயும் சிலது இருக்கிறது. கல்லூரியில் முதல் நாள் கையில் கொடுக்கும் ‘சிலபஸ்’ நம் ஊரில் பாடத்திட்டம். அங்கே அது கிட்டத்தட்ட ஓர் ஒப்பந்தம்; தேதி, தண்டம், விதிவிலக்கு எல்லாம் அதில் இருக்கும், யாரும் வாய்விட்டு நினைவூட்ட மாட்டார்கள். புத்தகத்தில் இருப்பதை வரி பிசகாமல் எழுதுவது பல நாடுகளில் நல்ல மாணவனின் அடையாளம். நம் வீடுகளிலும் மனப்பாடம் செய்யும் பிள்ளைக்குத்தான் மதிப்பு. அங்கே அதையே மேற்கோள் குறி இல்லாமல் செய்தால் திருட்டு. ஆசிரியருக்கு மரியாதையாக ஒருவர் செய்தது, ஒழுங்கு நடவடிக்கைக் கடிதமாகத் திரும்பி வரும்.

சரி, அப்படியானால் ஆங்கிலத்தை இன்னும் அதிகமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கல்லூரிக்கு அனுப்பலாமே என்று தோன்றும். அமெரிக்கக் கல்லூரிகள் பல பத்தாண்டுகளாகச் செய்ததும் அதுதான். மத்திய அரசின் கணக்கில் ஆங்கிலம் கற்போருக்கு ஆறு நிலைகள். அவற்றைத் தாண்டினால் கல்லூரி தன் பங்குக்கு வைத்திருக்கும் ஆயத்த வகுப்புகள்: வாசிப்புக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, இலக்கணத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று படி. நல்ல எண்ணத்தில் கட்டிய படிக்கட்டுதான். அதன் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். ஒவ்வொரு படியிலும் நாலில் மூன்று பேர் தேறி, அடுத்த படிக்குப் பதிவும் செய்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஆசிரியரும் பெருமைப்படக்கூடிய விகிதம். 100 பேர் ஏறத் தொடங்கினால் முதல் படிக்குப் பிறகு 75. அடுத்து 56, 42, 32, 24. ஆறாவது படி முடியும்போது 18 பேர். எட்டுப் படி என்றால் 10. எந்த வகுப்பும் மோசமில்லை, எந்த ஆசிரியரும் தவறு செய்யவில்லை, 90 பேரைக் காணோம்.

அவர்கள் தேர்வில் தோற்றுப் போனவர்களும் இல்லை. ஷிஃப்ட் மாறியிருக்கும். குழந்தையைப் பார்த்துக்கொண்ட மாமியார் ஊருக்குத் திரும்பியிருப்பார். கார் பழுதாகியிருக்கும். பருவம் முடிந்து அடுத்த பருவம் தொடங்கும் அந்த மூன்று வார இடைவெளியில் வாழ்க்கை ஏதாவது ஒரு கல்லைத் தூக்கிப் போடும். படிகள் கூடக்கூட இடைவெளிகளும் கூடும். ஆங்கிலக் குறைவு என்று நாம் பேர் வைத்திருப்பதில் பெரும்பகுதி உண்மையில் காலத்தின் நீளம் என்பது என் கட்சி.

கலிஃபோர்னியா இதைச் சட்டம் போட்டே சரிசெய்யப் பார்த்தது. 2017இல் ஆளுநர் ஜெரி பிரௌன் கையெழுத்திட்ட ஏபி 705 சட்டம், மாணவர்களைத் தேவையில்லாமல் ஆயத்த வகுப்புகளில் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. மற்ற மாணவர்கள் பல்கலைக்கழகத் தரத்திலான ஆங்கிலப் பாடத்தை ஒரு வருடத்துக்குள் முடிக்கும் வாய்ப்பைக் கல்லூரிகள் அதிகபட்சமாக்க வேண்டும், ஆங்கிலம் கற்போருக்கு அந்தக் கெடு மூன்று வருடம். கல்லூரிகள் படிகளை வெட்டின. வாசிப்பையும் எழுத்தையும் இலக்கணத்தையும் ஒரே பாடமாகக் கட்டின. நுழைவு மதிப்பீட்டுத் தேர்வின் பிடி தளர்ந்தது. ஆங்கில ஆசிரியர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். குட்டையான ஏணியில் ஏற முடியாத பலவீனமானவர்கள் கீழேயே நின்றுவிடுவார்கள் என்பது அவர்கள் வாதம். அதைத் தள்ளிவிட முடியாது. நீளமான ஏணியும் அவர்களை மேலே கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பணத்தின் கணக்கும் இதே படிக்கட்டோடுதான் பின்னியிருக்கிறது. வறியவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகையை, 2012 முதல், ஒருவர் வாழ்நாளில் 12 பருவங்களுக்கு ஈடான அளவுக்குமேல் வாங்க முடியாது. பட்டத்துக்குச் சேராத ஆங்கிலப் பாடங்களுக்கு இந்தப் பணத்தில் கட்டணம் கட்டினால், உண்மையான படிப்பு தொடங்கும்போது பாதிப் பை காலி. அதே 2012இல் இன்னொரு கதவையும் மூடினார்கள். அதுவரை பள்ளிச் சான்றிதழ் இல்லாதவரும் ஒரு தேர்வு எழுதியோ ஆறு கிரெடிட் முடித்தோ தன்னால் படிக்க முடியும் என்று காட்டி உதவித்தொகை வாங்கலாம். போர் நடந்த நாட்டிலிருந்து சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வர முடியாதவருக்கு அது எவ்வளவு பெரிய வழி என்று யோசித்துப் பாருங்கள். ஜூலை 2012இலிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்கு அது இல்லை. 2014 டிசம்பரில் பாதி திறந்தார்கள்: தொழிற்பயிற்சியோடு இணைந்த படிப்பில் சேர்ந்தால் மட்டும் உண்டு.

உதவித்தொகைப் பை காலியாகும் சிக்கலை நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் முன்கூட்டியே பார்த்துவிட்டது. 1995இல் அது தொடங்கிய ‘கிளிப்’ என்ற ஆங்கிலத் தீவிரப் பயிற்சி, கல்லூரியில் இடம் கிடைத்தும் ஆங்கிலம் போதாத மாணவர்களைப் பிடித்து, வாரத்துக்கு 25 மணி நேரம் வீதம் அதிகபட்சம் ஒரு வருடம் உட்காரவைக்கிறது. கட்டணம் குறைவு, உதவித்தொகையைத் தொடுவதில்லை. மாணவர் தன் பெல் பணத்தை முழுசாக வைத்துக்கொண்டு பட்டப்படிப்புக்குள் போகிறார். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது, ஒரு தயக்கத்தோடு. வாரம் 25 மணி நேரம் படிப்புக்குக் கொடுப்பவர் முழுநேர வேலை பார்ப்பது கடினம். சீக்கிரம் முடிக்கிற வழிக்கும் விலை உண்டு, அதைக் கூலியாக இழக்க வேண்டும்.

வாஷிங்டன் மாநிலம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அங்கிருந்தவர்கள் கேட்ட கேள்வி: முதலில் ஆங்கிலம், பிறகு தொழில் என்ற வரிசையை யார் விதித்தது? 2004 வாக்கில் பத்துக் கல்லூரிகளில் சோதனையாகத் தொடங்கி, பிறகு மாநிலத்தின் 34 கல்லூரிகளுக்கும் பரவிய ‘ஐ-பெஸ்ட்’ என்ற திட்டத்தில் ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் தொழில் சொல்லித்தருபவர்: செவிலியர் உதவியாளர் பயிற்சி, வெல்டிங், மழலையர் பராமரிப்பு இப்படி. மற்றவர் மொழி சொல்லித்தருபவர். வகுப்பு நேரத்தில் பாதியாவது இருவரும் சேர்ந்தே நிற்க வேண்டும். முதல் நாளிலிருந்தே கல்லூரிக் கிரெடிட் ஏறத் தொடங்கும். இரண்டு சம்பளம் ஆகுமே என்பதால் ஒரு மாணவருக்கு மாநிலம் கல்லூரிக்குத் தரும் பணம் 1.75 மாணவருக்கு உரியது.

செவிலியர் உதவியாளர் வகுப்பில் அந்த இரண்டாவது ஆசிரியருக்கு என்ன வேலை என்பதற்கு மூன்று சொற்கள் போதும். நோயாளியின் குறிப்பேட்டில் ‘கம்ப்ளெயின்ஸ் ஆஃப் டிஸ்ஸினஸ்’ என்று எழுதியிருக்கிறது. கம்ப்ளெயின்ட் என்றால் புகார் என்று இலவச வகுப்பில் படித்தவர், நோயாளி யார்மீதோ குறை சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வார். அங்கே அதன் பொருள் தலைசுற்றல் இருப்பதாகச் சொல்கிறார் என்பதுதான். ‘டிஸ்சார்ஜ்’ என்பது நமக்கெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போவது. புண் பற்றிய குறிப்பில் அது புண்ணிலிருந்து வடிவது. ‘நெகடிவ்’ என்றால் கெட்டது என்று அன்றாட ஆங்கிலம் சொல்லித்தந்திருக்கும். பரிசோதனை முடிவில் பெரும்பாலும் அதுதான் நல்ல செய்தி. தொழில் ஆசிரியருக்கு இவை கண்ணில் படாது, இருபது வருடப் பழக்கம். மொழி ஆசிரியர் தனி வகுப்பில் இவற்றை முன்கூட்டியே சொல்லித்தரலாம் என்றால், எந்தச் சொல் எங்கே தடுக்கும் என்று அவருக்குத் தெரியாது. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில், பக்கத்தில் நின்றால்தான் தெரியும்.

பலன் இருந்ததா? பெல்லிங்ஹாம், வாட்காம், எவரெட் என்ற மூன்று கல்லூரிகளில் சேர விரும்பியவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். 2018இல் வெளியான முடிவில், ஐ-பெஸ்ட் வாய்ப்புக் கிடைத்தவர்கள் சான்றிதழ் பெற்ற விகிதம் மற்றவர்களைவிட 32 சதவீதப் புள்ளி அதிகம். கல்வித் திட்டங்களின் ஆய்வில் இப்படி ஒரு வித்தியாசம் அபூர்வம். கட்டணத்துக்கு உதவியும், பின்னாலேயே நின்ற ஆலோசகரும் அந்தப் பொதியில் சேர்த்தி என்பதையும் மறக்கக் கூடாது. கொண்டாடி முடிப்பதற்குள் அடுத்த அறிக்கை வந்தது: மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்தின் வருமானத்திலும் கண்டுபிடிக்கத் தக்க வித்தியாசம் இல்லை.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம் என்று நினைக்கிறேன். செவிலியர் உதவியாளர் சான்றிதழ் ஓரிரு பருவத்தில் கிடைக்கும், வேலையும் உடனே கிடைக்கும், சம்பளம் குறைவு. அங்கிருந்து பதிவுபெற்ற செவிலியர் படிப்புக்குப் போக வேதியியல், உடற்கூறியல், கட்டுரை எழுதும் ஆங்கிலம் எல்லாம் வேண்டும். அந்த இடத்தில் இரண்டாவது ஆசிரியர் இருக்க மாட்டார். 2005 அறிக்கையே குறைந்தது ஒரு வருடப் படிப்பும் ஒரு சான்றிதழும் சேர்ந்தால்தான் வருமானம் கணிசமாக உயர்கிறது என்று காட்டியிருந்தது. குட்டையான படி வேலையைக் காட்டுகிறது, நல்ல வேலைக்கு இன்னும் படி இருக்கிறது. வாசலைத் திறந்துவிட்டுத் திண்ணையிலேயே உட்காரவைத்த மாதிரி ஆகிவிட்டது. அதற்காக ஐ-பெஸ்ட் தோல்வி என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 100க்கு ஆறு பேருக்குமேல் எட்டாத வாசல் இப்போது திறந்திருக்கிறது. இரண்டாவது ஆசிரியரை இன்னும் உள்ளே தள்ளி, வேதியியல் வகுப்பு வரை அனுப்ப யார் பணம் தருவார்கள் என்பதே மிச்சமிருக்கும் கேள்வி.

இதெல்லாம் அமெரிக்காவின் கதை என்று டொரன்டோவில் இருப்பவர்கள் நிம்மதியாக இருக்க முடியாது. 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து போனவர்களால் ஸ்காபரோ பகுதி தமிழர் ஊராகவே மாறியது. கனடிய அரசு 1992இல் தொடங்கிய ‘லிங்க்’ என்ற இலவச மொழிப் பயிற்சியில் அவர்களில் எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். 12 படிகள் கொண்ட கனடிய மொழி அளவுகோல் ஒன்று அங்கே உண்டு. இலவச வகுப்பு பலருக்கும் நடுப்படியில் முடிந்துவிடுகிறது. கல்லூரிகள் கேட்பது அதற்கு ஒன்றிரண்டு படி மேலே. அந்த ஒன்றிரண்டு படிதான் இந்தக் கட்டுரை முழுக்க நாம் பேசிய இடம்.

அங்கே இன்னொரு விதியும் இருக்கிறது. ‘லிங்க்’ வகுப்பு நிரந்தர வசிப்பாளருக்கும் பாதுகாப்புப் பெற்ற அகதிகளுக்கும்தான். கனடியக் குடியுரிமை எடுத்தவர் அதில் சேர முடியாது. முதல் பத்து வருடம் தொழிற்சாலையில் நின்று, பிள்ளைகளை வளர்த்து, ஊரில் இருந்தவர்களைக் கூப்பிட்டு, நடுவில் எல்லாரோடும் சேர்ந்து குடியுரிமையும் எடுத்த ஓர் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி மகள் பல்கலைக்கழகம் போன வருடம் அவருக்குப் படிக்க நேரம் கிடைக்கிறது. அப்போது அவர் குடிமகள், அதனால் அந்த வகுப்பில் இடமில்லை. மாகாண அரசு பள்ளி வாரியங்கள் வழியாக நடத்தும் ஆங்கில வகுப்புகளில் சேரலாம். 19 வயதைக் கடந்தவர் என்ற முறையில் ஒன்டாரியோ கல்லூரிகளுக்கு முதிர்ந்த மாணவராக விண்ணப்பிக்கலாம். அதற்கு முன், அதே கல்லூரிகள் வயது வந்தோருக்குக் கட்டணமில்லாமல் நடத்தும் ஆயத்தப் படிப்பில் கணக்கு, ஆங்கிலம் உள்ளிட்ட பாடங்களை முடித்தால், பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமாக எடுத்துக்கொள்ளும் சான்றிதழ் ஒன்றும் உண்டு. ஸ்காபரோவிலேயே, 1966இல் தொடங்கி ஒன்டாரியோவின் முதல் சமூகக் கல்லூரி என்ற பெயர் பெற்ற சென்டெனியல் காலேஜ் இருக்கிறது. வீட்டிலிருந்து ஒரு பேருந்து தூரம். இந்த வழிகள் இருப்பதே அவருக்குத் தெரிவது பெரும்பாலும் கோயிலிலோ கல்யாண வீட்டிலோ, ஏற்கெனவே போய்வந்த இன்னொரு அக்கா சொல்லித்தான்.